புள்ளியிட்ட முன்னோரும் பூட்டி வைத்த நாமும்

கண்ணிழந்தோரை மதிப்பதில் நம் சமுதாயம் எவருக்கும் பின்தங்கியதன்று என நாம் பெருமை பேசிக்கொள்வதுண்டு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் என நம் பகுதியின் எந்தப் பள்ளிவாசலுக்குச் சென்றாலும், பார்வையற்ற ஒருவர் வாயிலில் கால் வைத்த மாத்திரத்தில் நான்கு கைகள் அவரைத் தாங்க நீளும். ஹவுள் ஓரத்திற்கு அழைத்துச் செல்வர். ஒளுச் செய்ய உதவுவர். ஸஃப்பில் இடம் ஒதுக்கி நிறுத்துவர். ரமளான் வந்தால் ஜகாத்தில் அவருக்கொரு பங்கு தவறாது. இவற்றை யாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். தொழுகை முடிந்தபின், பள்ளிவாசல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் நூல்களுள் ஒன்றை அவர் தமக்கு வேண்டும் என்று கேட்டால், நம்மிடம் என்ன விடை இருக்கிறது?

"உமக்கெதற்கு நூல்? யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும்" என்பதே இன்றளவும் நாம் தரும் விடை. அன்போடுதான் சொல்கிறோம், இரக்கத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்த அன்பான சொல் ஒரு மனிதனை வாழ்நாள் முழுவதும் பிறர் வாயை எதிர்பார்த்து நிற்கச் செய்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஓதுமாறு பணித்து இறங்கத் தொடங்கிய வேதத்தை ஏற்றவர்கள், ஓத விரும்பும் ஒருவனிடம் 'உனக்கு வேண்டாம்' என்று சொல்வது எவ்வகையில் நியாயம்? இக்கட்டுரை அந்தக் கேள்வியை எழுப்பவே எழுதப்படுகிறது. சிலருக்கு இது கசக்கும். கசப்பினும் பருகுக.

வாசிக்க இயலாதோர் யாவர்?

அச்செழுத்தை வாசிக்க இயலாதோர் என்னும்போது முற்றிலும் பார்வை இழந்தோரை மட்டும் குறிக்கவில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுற்றவர். முதுமையால் சிறிய எழுத்து மங்கிப்போனவர். பக்கவாதத்தால் நூலைக் கையில் பிடிக்கவோ ஏட்டைப் புரட்டவோ இயலாதவர். கண் தெளிவாக இருந்தும் எழுத்துகள் முன்பின்னாகக் கலங்கித் தோன்றுகின்ற கற்றல் குறைபாடுடைய சிறார் ஆகிய அனைவரும் இவ்வகையினரே. நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பேரப்பிள்ளையின் கையிலிருக்கும் இதழை ஏக்கத்தோடு நோக்கும் நன்னாவும் இவ்வகையினரே.

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் பார்வைக் குறைபாடுடையோர் ஏறத்தாழ 50 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் அத்தொகை ஒன்றேகால் லட்சத்தைக் கடந்தது. பக்கவாதக்காரரையும் கற்றல் குறைபாடுடைய சிறாரையும் சேர்த்தால் வாசிக்க இயலாதோர் தொகை இன்னும் பெருகும்.

மதுரையில் 1976ஆம் ஆண்டு டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்து, இன்று தேனியிலும் கிளை கொண்டு பணியாற்றுகிறது. புரை விழுந்த கண்ணை அறுவை செய்து ஒளியை மீட்டுத் தரும் அப்பணி போற்றத்தக்கது. ஆனால் எல்லாக் கண்ணும் மீளக்கூடிய கண்ணல்ல. மருத்துவர் கைவிரித்த இடத்தில் மனிதனின் அறிவு வாழ்வு முடிந்துவிடுகிறதா? கண் திறவாதவனுக்கு நூலைத் திறப்பது யார் கடமை? அது மருத்துவரின் கடமையன்று. எழுதுவோர், அச்சிடுவோர், கற்பிப்போர் ஆகிய நம் கடமை.

முதலில் நம் குற்றம்

பிறரைச் சாடுமுன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர் ஒன்றில் நாம் ஓதிக்கொடுத்து வந்த காலத்தில், பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளை ஒருவன் நம்மிடம் வந்து சேர்ந்தான். அவன் அத்தா, விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்கு ஏலத்தோட்டக் கூலி வேலைக்குச் செல்பவர். பிள்ளை காதால் கேட்டே முப்பது ஜுஸ்உவையும் மனனம் செய்து ஹாபிழானான். பட்டமளிப்பு விழாவில் அவனுக்குத் தலைப்பாகை சூட்டியபோது கூட்டம் தக்பீர் முழங்கிற்று. நாமும் கண் கலங்கினோம். நம் கடமை முடிந்தது என்றே எண்ணினோம்.

மறு வாரமே அவன் வந்து நின்றான். "ஹஜ்ரத், ஓத வருகிறது, பொருள் தெரியவில்லை. தமிழ் விளக்கவுரையை நானே படிக்க வேண்டும். தொழுகை, நோன்பு பற்றிய சட்ட நூலும் வேண்டும்" என்றான். "நேரம் கிடைக்கும்போது நாம் வாசித்துக் காட்டுகிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். நேரம் கிடைத்த நாட்கள் சில; அந்த நாட்களிலும் கடிகாரத்தைப் பார்த்தவாறே வாசித்தோம். ஒரு நாள் அவன் மெல்லச் சொன்னான்: "ஹஜ்ரத், வாசிக்கிறவர் எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ, அந்த இடத்தோடு என் இல்மும் நின்றுபோகிறது."

பின்னர் அவன் கைப்பேசியில், எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் திரை வாசிப்பானைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டான். கணினிக் கோப்பு மட்டும் கிடைத்தால் போதும், தானே படித்துக்கொள்வேன் என்றான். அவன் பொருட்டு நாம் ஒரு பதிப்பகத்தாரை அணுகினோம். "கோப்பைக் கொடுத்தால் ஊரெல்லாம் பரவி, எங்கள் விற்பனை கெடும்" என்று மறுத்தனர். இன்னொருவர் பெருமனத்துடன் தந்தார். ஆனால் கைப்பேசி அதைத் தமிழாக வாசிக்கவில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக உளறிற்று. காரணம் பின்னர் விளங்கிற்று. அந்நூல் பழைய எழுத்துருவில் கோக்கப்பட்டிருந்தது. கணினி அறிந்த இளைஞர் ஒருவர் அதனை ஒருங்குறிக்கு மாற்றித் தந்தார்.

அன்றிரவு முழுவதும் அவன் படித்திருக்கிறான். விடியற்காலைத் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பயணத் தொழுகைப் பாடத்தில் நீங்கள் வாசித்துக் காட்டாத பத்தி ஒன்று இருக்கிறதே?" என்று கேட்டான். இருந்தது. அவசரத்தில் நாம்தான் அதைத் தாண்டிச் சென்றிருந்தோம். அறிந்தே தாண்டினோம், அவனுக்குத் தெரியப் போவதில்லை என்ற துணிவில் தாண்டினோம். இருபதாண்டுகளுக்கு மேல் ஓதிக்கொடுத்த நமக்கு, அன்று காலை அந்தப் பிள்ளை ஒரு பாடம் ஓதிக்கொடுத்தான்.

பொழுது புலர்ந்ததைச் சொன்னவர்கள்

நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை அறியாதார் யார்? அறிவை நாடி வந்த அந்தக் கண்ணிழந்த தோழரின் பொருட்டு ஓர் அத்தியாயமே 'அபஸ' என்ற பெயரால் இறங்கிற்று. குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளையில் முகம் கடுத்ததற்காகப் பெருமானார் (ஸல்) அவர்களுக்கே அறிவுரை வந்தது. கண்ணிழந்தவருக்கு முகக்கடுப்பு தெரிந்திராது; ஆயினும் இறைவன் அதைப் பொருட்படுத்தினான். இந்த அத்தியாயத்தை ஆண்டுதோறும் மேடைகளில் விளக்குகிறோம். ஆனால் அத்தோழர் வந்தது எதற்காக என்பதை அழுத்திச் சொல்வதில்லை. அவர் உதவி கேட்டு வரவில்லை; தருமம் கேட்டு வரவில்லை. கற்றுக்கொள்ள வந்தார்.

பின்னாளில் மதீனாவில் அவர் பாங்கொலிப்பவரானார். பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ரமளான் இரவில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு முன்னதாக ஒலிக்கும். இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கு ஒலித்தபின்தான் மக்கள் உணவை நிறுத்துவர். பொழுது புலர்வதைக் காண இயலாதவரிடம் அந்தப் பொறுப்பு எவ்வாறு நிறைவேறிற்று? விடிந்துவிட்டது என மக்கள் அவரிடம் சென்று சொல்வர். அதன்பின் அவர் பாங்கொலிப்பார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அவர் காண முடியாத செய்தியை அவர் அறியும் வடிவில் சேர்ப்பது ஊரின் வேலை. அச்செய்தியைக் கொண்டு ஊரை வழிநடத்துவது அவர் வேலை. 'உமக்குக் கண் தெரியாது, பாங்கை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்று அந்த ஊர் சொல்லவில்லை.

மதரஸாவில் கிராஅத் பயின்றோர் இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்களை அறிவர். ஹிஜ்ரி 590இல் கெய்ரோவில் மறைந்த அப்பெரியார் பார்வையற்றவர். ஏழு கிராஅத்துகளின் நுணுக்கங்களை 1173 அடிகளில் அடக்கி அவர் இயற்றிய நூலை, பார்வையுடையோர் இன்றும் மனனம் செய்கின்றனர்.

இன்னொருவரை நம்மில் பலர் அறியார். பக்தாதில் வாழ்ந்த ஜைனுத்தீன் ஆமிதீ (ரஹ்) என்ற ஹன்பலி அறிஞர் இளமையிலேயே பார்வையிழந்தவர். நூல் வாணிபமும் செய்தவர். மெல்லிய தாளை முறுக்கி எழுத்தின் வடிவாக வளைத்து நூலின் உள்ளே ஒட்டி வைத்து, விரலால் தடவி அந்நூலின் விலையை அறிந்துகொள்வாராம். ஹிஜ்ரி 764இல் மறைந்த ஸஃபதீ (ரஹ்) அவர்கள், பார்வையற்ற பெருமக்களின் வரலாறுகளைத் திரட்டிய தம் நூலில் இதைப் பதிந்துள்ளார். பிரான்சு நாட்டின் லூயி பிரெயில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் வாசிக்கும் எழுத்து முறையை 1829இல் வெளியிட்டார். அதற்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே, தொட்டறியும் எழுத்தை நம் பேரறிஞர் ஒருவர் தமக்கென ஆக்கிக்கொண்டார். ஆயின், அவர் தம் அளவில் கண்டதை நம்மவர் ஒரு முறையாக வளர்க்கவில்லை. பெருமைக்குரிய செய்தியில் பொதிந்திருக்கும் வெட்கமும் நம்முடையதே.

அரபுத் தமிழ் புகட்டும் பாடம்

"குர்ஆனையும் மார்க்க நூலையும் புள்ளி எழுத்தில் போடலாமா? முன்னோர் செய்யாததை நாம் செய்யலாமா?" என்று கேட்கும் பெரியோர் இன்றும் உளர். அவர்களுக்கு மரியாதையுடன் சில நினைவூட்டல்கள்.

முதன்முதலில் எழுதப்பட்ட குர்ஆன் பிரதிகளில் உயிர்க்குறிகள் இல்லை. அரபியரல்லாதார் இஸ்லாத்தில் நுழைந்து ஓதத் தடுமாறியபோது, அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் புள்ளிகள் இட்டு உயிரோசைகளைக் குறித்தார் என்பது வரலாறு. வாசிக்க இயலாதவனுக்காக எழுத்தின் மேல் புள்ளி வைத்தது நம் மார்க்க வரலாற்றின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது.

தமிழகத்தில் நடந்தது என்ன? குர்ஆன் ஓதக் கற்று அரபி எழுத்தை அறிந்த நம் பெண்டிரும் பிள்ளைகளும் தமிழ் எழுத்தை அறியாதிருந்தனர். அவர்களிடம் "தமிழ் எழுத்துத் தெரியாவிட்டால் பேசாதிருங்கள்" என்று நம் உலமாக்கள் சொன்னார்களா? இல்லை. தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழோசைகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் கூடுதலாகப் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய எழுத்துகளையே ஆக்கினார்கள். கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) (1816–1898) அவர்கள், மக்கள் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் இமாமுல் அரூஸ் என்றும் போற்றும் அப்பெருமகனார், அந்த அரபுத் தமிழில் நூல்கள் ஆக்கி வீடுதோறும் மார்க்க அறிவைக் கொண்டு சேர்த்தார். அறிவு மாறவில்லை, அதன் உடை மாறிற்று. வாசகன் எந்த எழுத்தை அறிவானோ அந்த எழுத்துக்கு நூல் இறங்கி வந்தது.

பிரெயிலும் அதுவே. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. தமிழின் 'க'வுக்கும் இந்தியின் 'க'வுக்கும் அதில் ஒரே குறி. அரபிப் பிரெயிலும் அதே ஆண்டில் பெய்ரூத்தில் கூடிய அறிஞர்களால் ஒழுங்குபடுத்தப்பட்டது. வலமிருந்து இடமாக எழுதும் அரபியை, பிரெயிலில் இடமிருந்து வலமாகவே விரல் வாசிக்கிறது. அவ்வெழுத்தில் குர்ஆன் பதிப்பிக்கப்பட்டு, பல நாடுகளில் ஓதப்பட்டும் வருகிறது. அப்பிரதியை ஒளுவின்றித் தொடலாமா என்பன போன்ற சட்ட நுணுக்கங்களை ஆலிம்கள் ஆராய்ந்து சொல்லட்டும். அதற்காகத் தமிழ் விளக்க நூல்களும் சட்ட நூல்களும் வரலாறும் இலக்கியமும் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

சாக்குகளும் விடைகளும்

நிற்க. இனி நம்மவர் கூறும் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதற் சாக்கு, "காதால் கேட்டால் போதாதா?" என்பது. கேள்விச் செல்வத்தின் உயர்வை மறுப்பாரில்லை. ஆனால் கேட்பவன் ஐயம் தோன்றும்போது பின்னுக்குப் புரட்ட இயலுமா? வாசிப்பவர் தாண்டிய பத்தியை அறிய இயலுமா? எழுத்திலக்கணம் படியுமா? 'ந'வும் 'ன'வும் காதில் ஒன்றே. பிரெயிலில் வேறு வேறு. ஆகவே குரல் தரும் கருவி இருந்தபோதிலும் சிறாருக்குப் பிரெயில் கற்பிப்பது இன்றியமையாதது. இன்னொன்றும் உண்டு. பார்வையற்ற நம் பெண்மக்கள் தூய்மை பற்றிய சட்டங்களை யாரிடம் கேட்பர்? தமக்கு வந்த கடிதத்தை, மருத்துவச் சீட்டை, வங்கித் தாளை யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வர்? அந்தரங்கம் என்பது கண்ணுடையோருக்கு மட்டும் உரிய சொத்தா?

இரண்டாம் சாக்கு, "சட்டம் இடந்தராது, பதிப்புரிமை போய்விடும்" என்பது. இஃது அறியாமை. 2012ஆம் ஆண்டு திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் வாசிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிப் படியெடுத்துத் தருவதைக் குற்றமாகக் கருதவில்லை. இலாபம் கருதாமல், ஆக்கச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு செய்ய இடந்தந்துள்ளது. 2013 ஜூன் 27ஆம் நாள் மொராக்கோவின் மராக்கிஷ் நகரில் உலக நாடுகள் கூடி, இதே நோக்கத்திற்காக ஓர் உடன்படிக்கை கண்டன. ஒரு நாட்டில் ஆக்கிய பிரெயில் நூலும் ஒலிநூலும் எல்லை கடந்து இன்னொரு நாட்டின் வாசகருக்குச் செல்ல அது வழி திறந்தது. அதனை 2014இல் உறுதிசெய்து ஏற்ற முதல் நாடு இந்தியாவே. 2016 செப்டம்பர் 30இல் அது நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்கள் வாழும் பழம்பெரும் நகரம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்த உடன்படிக்கையைப் பற்றி நம் இதழ்களில் எத்தனை கட்டுரைகள் வந்தன?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அச்சிலும் ஒலியிலும் மின்வடிவிலும் உள்ள செய்திகள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று 2025 ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. உட்புறமாகத் தாழிட்டிருப்பவர் நாமே.

மூன்றாம் சாக்கு, "செலவாகும்" என்பது. இன்று எந்த நூலும் அச்சேறுமுன் கணினியில்தான் கோக்கப்படுகிறது. ஆகவே மின்வடிவம் முன்னரே இருக்கிறது. குறை எங்கே என்றால், எழுத்துருவில். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைப்பவை. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கருவிக்கு அது தமிழன்று. ஒருங்குறியிலோ ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் அதற்கே உரிய எண் உண்டு. ஆகவே எந்தக் கருவியும் அதனைத் தமிழென அறிந்து வாசிக்கும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுவோர்க்குச் செலவு ஒரு காரணமா, சோம்பல் காரணமா? பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரை வாசிப்பானை விலையின்றியே பெறலாம். 2016இல் நடுவண் அரசு தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற மின்நூலகம், வாசிக்க இயலாதோர்க்கென்றே நூல்களைத் திரட்டி வைத்துள்ளது. கதவுகள் பல, நம் பதிப்பகங்கள் எத்தனை கதவைத் தட்டின?

நான்காம் சாக்கு, "நம் ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்பது. நூலகத்தில் அவர்களைக் காணோம் என்கிறீர்கள். வாசிக்க ஒன்றுமில்லாத இடத்திற்கு அவர்கள் எதற்காக வருவர்? உண்மையில், நாம் புதிதாகச் சிலரை வெளியேற்றிக்கொண்டும் இருக்கிறோம். முன்னெல்லாம் ஊரில் மவுத் நேர்ந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பார்வையற்றவரும் அதே நொடியில் கேட்டு ஜனாஸாவுக்கு வந்து சேர்வார். இப்போது ஜமாஅத் அறிவிப்பை அழகாக அச்சுக்கோத்து, படமாக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அமைதியடைகின்றனர். கைப்பேசி அவரிடம் 'படம்' என்று மட்டும் சொல்கிறது. அண்டை வீட்டாரின் மவுத்தை மறுநாள் அறிந்து அவர் வருந்துவதற்கு யார் பொறுப்பு? அந்தப் படத்தோடு நான்கு வரி எழுத்தையும் சேர்த்து அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்?

செய்யத்தக்கவை

குறை கூறி அமைவது எளிது, செய்யத்தக்கதையும் சொல்லவேண்டும்.

பதிப்பகத்தாரும் இதழாளரும் இனி வெளியிடும் ஒவ்வொன்றையும் ஒருங்குறியில் கோக்கட்டும். வாசிக்க இயலாத ஒருவர் கேட்டால் கோப்பைத் தருவோம் என்று நூலின் முதற்பக்கத்தில் ஒரு வரி அச்சிடட்டும். இக்கட்டுரை வெளியாகும் இவ்விதழும் இதற்கு விலக்கன்று, ஆசிரியர் பொறுத்தருள்க. பார்வையற்றோர் உரிமை பற்றிய கட்டுரையைப் பார்வையற்றவர் வாசிக்க இயலாமற் போனால் அதைவிட நகைப்புக்குரியது வேறென்ன?

ஜமாஅத் நிருவாகிகள் அறிவிப்புகளை எழுத்தாகவும் குரலாகவும் வெளியிடட்டும். மதரஸாக்கள் பார்வையற்ற பிள்ளையை ஹிஃப்ழு வகுப்போடு நிறுத்திவிடாமல், ஆலிம் வகுப்பிலும் சேர்த்துக்கொள்ளட்டும். பிரெயில் அறிந்த உஸ்தாத் ஒருவரையேனும் உருவாக்கட்டும். உத்தமபாளையத்தில் 1956 முதல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி கல்விப்பணி ஆற்றி வருகிறது. தனியொருவர் கொடை ஒரு பள்ளத்தாக்கையே படிக்க வைக்கும் என்பதற்குச் சான்றாகிய மண் நம் மண். பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் வாங்கித் தரும் நம் செல்வர்கள், ஒரு பிரெயில் அச்சுப்பொறியை வக்ஃபு செய்தால் என்ன? அதன் ஒவ்வோர் ஏட்டையும் ஒரு விரல் தடவுந்தோறும் நன்மை பெருகும் நிலையான தருமம் அஃதன்றோ?

பெற்றோர்க்கும் ஒரு சொல். பார்வையற்ற பிள்ளையை இரக்கத்தின் பெயரால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர். மதுரையை அடுத்த சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1985இல் அதை நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் பார்வையற்றவர். தம் இருளைக் காரணம் காட்டி ஒதுங்காமல், பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். சிறு வயதிலேயே பிரெயிலைக் கற்பியுங்கள். விரல் மென்மையாயிருக்கும் பருவத்தில் பதியும் எழுத்து ஆயுளுக்கும் துணை.

இவற்றைச் செய்து முடித்தபின் யாரும் நம்மைப் பாராட்ட வேண்டியதில்லை. பூட்டி வைத்ததைத் திறப்பவனுக்குப் பாராட்டெதற்கு? பள்ளத்தாக்கின் ஏதோ ஒரு பள்ளிவாசலில் நாளை விடியற்காலையில் பார்வையற்ற ஒருவர், நூலைக் கேட்டு நம் முன் வந்து நிற்கக்கூடும். தருமம் கேட்டு வந்தவராக அவரை எண்ணிவிடாதீர். அவர் கற்றுக்கொள்ள வந்தவர். அவரிடம் முகம் கடுக்காதிருக்கவும், அவர் கைக்கு நூல் சேரவும் வல்ல இறைவன் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.